குழுக்களில் பேசி விற்பது: சின்ன வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கிறேன். முதல் இரண்டு வருடம் செக்கு வாசலுக்கு நேரில் வந்தவர்கள்தான் வாடிக்கையாளர்கள். இப்போது பத்து டின் ஆட்டினால் ஏழெட்டு டின் போனில் வந்த ஆர்டருக்குப் போய்விடுகிறது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக் மாதிரி இடங்களில் உள்ள குழுக்களில் ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டு வருகிற ஆர்டர்தான் பெரும்பாலும். இதைக் கேள்விப்பட்டு சேலை விற்கிறவர்கள், சிறுதானிய முறுக்கு போடுகிறவர்கள், நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவர்கள் என்று பலரும் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். செக்கு ஓடும் சத்தத்தில் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட, உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முன்பெல்லாம் நோட்டீஸ் அடித்தாலே வியாபாரம் நடந்தது. இப்போது அப்படி என்ன மாறிவிட்டது?

சுவரில் எழுதினோம், பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தோம், ஆட்டோவில் மைக் கட்டினோம், லோக்கல் கேபிளில் எழுத்து ஓடவிட்டோம். எல்லாவற்றிலும் பேசியது கடைக்காரர் ஒருவர்தான். கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், ஒருவர் நினைத்தது அடுத்தவருக்குத் தெரியாது. வாங்கி ஏமாந்தவர் தெருவில் நாலு பேரிடம் புலம்புவார், அதோடு சரி.

இப்போது வாங்குகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே. "கலப்படம் இல்லாத நல்லெண்ணெய் யார்கிட்ட வாங்குறீங்க?" என்று ஒரு அபார்ட்மென்ட் குழுவில் ஒருவர் கேட்கிறார். பத்து நிமிடத்தில் ஆறு பதில் வந்துவிடும். அந்த ஆறில் நம் பெயர் வருகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் குழுவில் நாம் இருக்கப்போவதில்லை, அங்கே என்ன பேசினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. நம் பொருளை வாங்கிய யாரோ ஒருவர் நமக்காகப் பேசியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் நம்பி வாங்குவது நம் ஊரில் எந்தக் காலத்திலும் இருந்த பழக்கம்தான். அந்த அக்காவின் சொல் இன்று ஒரே மாலையில் ஆயிரம் வீட்டுக்குப் போய்விடுகிறது.

நிறுவனம் தானாக எதுவும் செய்யாமல், மக்களே ஒரு பொருளைத் தூக்கி நிறுத்தியது உண்டா?

நம் கண் முன்னாலேயே நடந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மற்ற ஊர்களிலும் இளைஞர்கள் திரண்டார்கள். அந்தக் கூட்டம் சேர்ந்ததில் ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே எழுந்த பேச்சுகளில் ஒன்று, வெளிநாட்டுக் குளிர்பானங்களை விட்டுவிட்டு நம் ஊர்ப் பானத்தைக் குடிப்போம் என்பது. அடுத்து வணிகர் சங்க அமைப்புகள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று அறிவித்தன. அப்போது எல்லார் வாயிலும் வந்த பெயர் பொவண்டோ. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானம் அது. அதுவரை பெட்டிக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் சத்தமில்லாமல் இருந்த பாட்டிலை, இளைஞர்கள் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள்.

இதில் நான் இரண்டு விஷயத்தைக் கவனிக்கிறேன். பொவண்டோவின் ருசி ஏற்கெனவே மக்கள் நாக்கில் இருந்தது, குழுக்கள் அதை ஞாபகப்படுத்தின, அவ்வளவுதான். யாருக்கும் தெரியாத ஒரு பானத்தை அப்படி ஏற்றியிருக்க முடியாது. அப்புறம், அந்த வேகம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் மற்ற பானங்களும் பல கடைகளின் குளிர்பெட்டிக்குத் திரும்பிவிட்டன. அலை வரும்போது குடித்துப் பார்த்து, அடுத்த மாதமும் அதையே கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ, அவர்கள்தான் மிச்சம். உங்கள் வீடியோ ஒன்று திடீரென்று லட்சக்கணக்கில் ஓடினாலும் இதே கணக்குதான்.

எனக்கு 20,000 ஃபாலோயர் இருக்கிறார்கள். அப்படியானால் எனக்கு ஒரு குழு இருக்கிறது என்று சொல்லலாமா?

அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். எல்லாரும் உங்களைப் பார்த்து மட்டும் பேசினால் அது கூட்டம். தங்களுக்குள் கேட்டு, தங்களுக்குள் பதில் சொல்லிக்கொண்டால்தான் குழு.

மாடித் தோட்டக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாவுப்பூச்சி வந்த செம்பருத்தியைப் படம் எடுத்து ஒருவர் போடுவார். வேப்பெண்ணெய்க் கரைசல் எப்படிக் கலப்பது என்று ஒருவர் சொல்வார், இஞ்சி பூண்டு கரைசலை ஒருவர் சொல்வார். இடையில், "விதை இந்த ஆள்கிட்ட வாங்குங்க, நல்லா முளைக்குது" என்று ஒரு வரி வரும். விதை விற்பவர் வாயே திறக்கவில்லை, ஆனால் அன்று அவருக்குப் பதினைந்து ஆர்டர்.

இணையம் இல்லாமலும் இது நடந்திருக்கிறது. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்கள். அடுத்த வருடம் அவர் 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். வாங்கியவரே கொடுப்பவராக மாறுகிற ஏற்பாடு அது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்ற பெயர்கள் இன்று நகரத்துச் சமையலறைவரை வந்திருக்கின்றன என்றால், முதலில் விதை கைமாறியது, பிறகு அரிசியைப் பற்றிய பேச்சு குழுக்களில் கைமாறியது. ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்துவிட்டார். அந்த 2 கிலோ, 4 கிலோ கணக்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். என் எண்ணெயை வாங்குகிறவர் அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு சமையல் குறிப்பா, நல்ல எண்ணெயைக் கண்டுபிடிக்கும் வழியா? அது இருந்தால்தான் என் பெயர் அவரைத் தாண்டிப் போகும்.

மற்றவர்கள் நடத்தும் குழுவில் போய் என் பொருளைச் சொல்லலாமா?

நான் செய்த தவறைச் சொல்கிறேன். பாரம்பரிய உணவு பேசும் ஒரு குழுவில் சேர்ந்த அன்றைக்கே விலைப்பட்டியலைப் போட்டேன். கீழே போன் நம்பர், 'ஷிப்பிங் ஃப்ரீ', மூன்று பூ படம். அரை மணி நேரத்தில் அட்மின் என்னை நீக்கிவிட்டார். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால், வீட்டுத் திண்ணையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது செருப்போடு ஏறி நடுவில் உட்கார்ந்து கடை விரித்த மாதிரிதான் அது.

ஆறு மாதம் கழித்து வேறொரு குழுவில் சேர்ந்தேன். இந்த முறை எதுவும் விற்கவில்லை. ஒரு நாள் ஒரு அம்மா, செக்குக் கடலை எண்ணெயில் வடை போட்டால் பொங்கி நுரைக்கிறது, இது கலப்படமா என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த விஷயம். செக்கில் ஆட்டிய எண்ணெயில் கொஞ்சம் ஈரமும் கசடும் இருக்கும், அதனால்தான் நுரை வருகிறது, கலப்படம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், நாலு நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு மேலாக ஊற்றி எடுங்கள் என்று எழுதினேன். அவர் வாங்கியிருந்தது என் எண்ணெய்கூட இல்லை, வேறொருவருடையது. ஆனால் அந்தப் பதிலைப் படித்து இரண்டு பேர், "நீங்க எண்ணெய் ஆட்டுறீங்களா?" என்று தனியாகக் கேட்டார்கள். அங்கிருந்துதான் எனக்கு வியாபாரம் தொடங்கியது.

அட்மினிடம் முதலில் அனுமதி கேளுங்கள். சில குழுக்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விற்பனைப் பதிவு போடலாம் என்று விதி இருக்கும், அதை மீறாதீர்கள். நண்பரை விட்டுக் கேள்வி கேட்கவைத்து நீங்களே பதில் சொல்லும் வேலையும் வேண்டாம். குழுவில் பல வருடமாக இருப்பவர்கள் அதை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் உண்மையான பதிலையும் நம்பமாட்டார்கள்.

தினம் எத்தனை பதிவு போட வேண்டும்?

சொல்ல விஷயம் இருந்தால் போடுங்கள். எனக்கு வாரம் இரண்டு, மூன்று வருகிறது. 'காலை வணக்கம்' படம் அனுப்பி யாருடைய போனையும் நிரப்பாதீர்கள்.

அப்படி என்னதான் போடுவது? எனக்கு எழுதவும் வராது, நல்ல கேமராவும் இல்லை.

வேலையைக் காட்டுங்கள். நம்மிடம் இருப்பதே அதுதான்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலில், பெரியவரும் பேரன்களும் வயலில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள், அவ்வளவுதான். 2021இல் அது ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அவர்கள் ஸ்டூடியோ போடவில்லை, பேச்சை மாற்றிக்கொள்ளவும் இல்லை. தங்கள் ஊரில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசினார்கள்.

என் பதிவுகளில் அதிகம் பேர் பகிர்ந்தது விலைக் கணக்கு. "கடையில கம்மி விலைக்குக் கிடைக்குதே, உங்க எண்ணெய் ஏன் இவ்வளவு?" என்று தினமும் கேட்டார்கள். ஒரு நாள் தராசை வைத்து வீடியோ எடுத்தேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலை இவ்வளவு, ஆட்டுக்கூலி இவ்வளவு, டின் இவ்வளவு, பிண்ணாக்கு விற்றால் திரும்பி வருவது இவ்வளவு, எனக்கு நிற்பது இவ்வளவு என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். லாபத்தை ஊருக்கே சொல்லுவாங்களா என்று வீட்டில் திட்டினார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு விலை அதிகம் என்ற பேச்சு நின்றது. அது மட்டுமில்லை, புதிதாக யாராவது அப்படிக் கேட்டால் பழைய வாடிக்கையாளர்களே அந்த வீடியோவை எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய்க்கும் அப்படித்தான். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போட்ட கொப்பரை சந்தையில் வரும். புகை போடாமல் வெயிலில் மட்டும் காயவைத்த கொப்பரைக்குக் களத்தில் நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். மழை வந்து நான் தார்ப்பாய் போட்டு ஓடி மூடுவதையும், ஒரு முறை கொப்பரை கறுத்துப்போய் ஒதுக்கியதையும் காட்டினேன். ஒதுக்கியதைக் காட்டியதால்தான் மற்றதை நம்பினார்கள்.

சேலை விற்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தறியில் இருப்பதைக் காட்டுங்கள், ஒரு முறை துவைத்த பிறகு எப்படி இருக்கிறது என்றும் காட்டுங்கள். சாயம் போகும் ரகம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பட்டு என்றால், அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று சொல்லுங்கள். இன்னொன்று, "விலைக்கு டிஎம் பண்ணுங்க", அதாவது தனியாக மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். விலையை மறைத்தால், ஆளைப் பார்த்து விலை சொல்வீர்களோ என்றுதான் நினைப்பார்கள்.

யாராவது குறை சொல்லி எழுதினால் கமென்ட்டை நீக்கிவிடலாமா?

கூடாது. நீக்கிய கமென்ட் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும், கூடவே 'நீக்கிவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து வரும்.

2021 அக்டோபரில் நடந்தது ஞாபகம் இருக்கும். சாப்பாடு டெலிவரி செய்யும் ஜொமேட்டோ செயலியில் ஆர்டர் செய்த தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம், இந்தி தேசிய மொழி, எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று உதவிப் பிரிவு ஊழியர் சொன்னார். அவர் அந்த உரையாடலை ட்விட்டரில் போட்டார். சில மணி நேரத்தில் ஜொமேட்டோவை ஒதுக்குங்கள் என்ற ஹேஷ்டேக் நாடு முழுக்க டிரெண்ட் ஆனது. நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டது, செயலியின் தமிழ் வடிவத்தைத் தயாரித்துவருவதாகவும் கோவையில் தமிழ் உதவி மையம் அமைப்பதாகவும் சொன்னது. ஊழியரை நீக்கிவிட்டு, அன்றே திரும்பவும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தை ஒரு தனி மனிதரின் சில ஸ்கிரீன்ஷாட்கள் ஒரே நாளில் பதில் சொல்லவைத்தன. பழைய நாட்களில் அதே புகார் ஒரு இன்லண்ட் லெட்டராகப் போயிருக்கும், பதில் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு நாள் தூங்கவில்லை. பார்சலில் போன ஐந்து லிட்டர் கேனின் மூடி தளர்ந்து எண்ணெய் முழுக்க வழிந்துவிட்டது. வாடிக்கையாளர் நனைந்த அட்டைப் பெட்டியைப் படம் எடுத்து, 400 பேர் இருக்கும் குழுவில் போட்டார். பார்சல் ஆபீஸ்காரர்கள் மேல் பழியைப் போட என் விரல் துடித்தது. அவர்கள் தூக்கிப் போட்டதும் உண்மைதான். ஆனால் அந்த அம்மா காசு கொடுத்தது எனக்குத்தான். முதலில் அதே குழுவில், எல்லாரும் பார்க்கும்படி, "தப்பு எங்களுடையது, நாளைக்கே வேறு கேன் அனுப்புறேன்" என்று எழுதினேன். பிறகு போன் செய்து பேசினேன். அப்புறம் மூடிக்கு உள்ளே அலுமினியத் தாள் சீல் ஒட்டும் சின்ன மெஷின் வாங்கி, சீல் போட்ட கேனைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கும் வீடியோவை அதே குழுவில் போட்டேன். படம் போட்ட அந்த அம்மாதான் இன்று எனக்காக அதிகம் பேசுகிறவர்.

சில பேர் வேண்டுமென்றே வம்பு இழுப்பார்கள், அதுவும் உண்டு. ஒரு முறை மரியாதையாக விளக்கம் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைப் படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

பார்சல் பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் ரிட்டர்ன் எடுப்போம் என்று பலர் எழுதுகிறார்கள். விலை கூடிய சேலைக்கு அது நியாயம். முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு அதைக் கேட்காதீர்கள்.

நிறையப் பேர் பின்தொடரும் இன்ஃப்ளூயன்சருக்குப் பணம் கொடுத்துப் பேசவைக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் மறைக்கக் கூடாது. இதற்கு விதிகள் இருக்கின்றன. விளம்பரத் துறையினரே நடத்தும் விளம்பரத் தர மன்றம் (ASCI) 2021இலேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. 2023 ஜனவரியில் மத்திய அரசும் விவரமான வழிமுறைகளை வெளியிட்டது. பணம் மட்டுமில்லை, இலவசமாகப் பொருள் கொடுத்தாலும், அதை வீடியோவிலேயே தெளிவாக, பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

சட்டத்தை விடுங்கள், வியாபாரமாகவே பாருங்கள். பத்து லட்சம் பேர் பார்க்கும் ஒருவர் இன்று என் எண்ணெயையும் நாளை ஒரு ஃபேஸ் க்ரீமையும் அடுத்த நாள் ஒரு ஆன்லைன் விளையாட்டையும் சொன்னால், கேட்கிறவருக்கு எதுவும் மனதில் நிற்காது. நான் தேடிப் போனது ஈரோட்டில் வீட்டுச் சமையல் மட்டும் போடும் ஒரு பெண்ணை. அவரைப் பின்தொடர்கிறவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. இரண்டு லிட்டர் கொடுத்து, பிடித்தால் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் எனக்கு மட்டும் சொல்லுங்கள், இலவசமாக வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் ஒரு மாதம் சமைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார், பொரிக்கும்போது வாசனை கொஞ்சம் தூக்கல் என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த வாசனைதான் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

நாங்களே நாலு நல்ல ரிவ்யூ எழுதிக்கொண்டால் என்ன?

வேண்டாம். இந்திய தர நிர்ணய அமைவனம் 2022இல் இணைய விமர்சனங்களுக்கென்றே ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது. அரசே கவனிக்கும் அளவுக்குப் போலி ரிவ்யூ பெருகிவிட்டது. வாங்குகிறவர்களும் உஷாராகிவிட்டார்கள். ஒரே நாளில் வந்த பத்து ஐந்து நட்சத்திரங்களைவிட, "டெலிவரி லேட், ஆனா பொருள் நல்லா இருக்கு" என்ற ஒரு வரியைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

எங்கள் பொருள் சர்க்கரையைக் குறைக்கும், மூட்டு வலி போகும் என்று எழுதலாமா? எல்லாரும் எழுதுகிறார்களே.

தயவுசெய்து எழுதாதீர்கள். இதை மட்டும் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது சட்டப்படி தவறு, 2018இல் வந்த விளம்பர விதிமுறைகள் இதற்காகவே இருக்கின்றன. அதைவிட முக்கியம், அதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மக்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவரும் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது லட்சக்கணக்கானவர்கள் கைக்குப் போயிருந்தது. குழந்தைகள் உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. அந்த வருடக் கடைசியில் நிறுவனம் சேர்க்கும் சர்க்கரையைக் குறைத்தது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் வைக்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. நோட்டீஸ் அந்தப் பேச்சை நிறுத்தவில்லை, இன்னும் பரப்பியது. லேபிளில் உள்ளதைச் சரியாக எழுதுங்கள், உணவுப் பாதுகாப்புத் துறை (FSSAI) தரும் 14 இலக்க எண்ணைப் போடுங்கள். நல்ல எண்ணெய் என்று சொன்னாலே போதும்.

வாட்ஸ்அப்பில் குழு, பிராட்காஸ்ட், சேனல் என்று மூன்று இருக்கிறதே, எது நல்லது?

மூன்றும் மூன்று வேலைக்கு. குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அதிகம் வாங்கும் பொருள் என்றால் இதை நன்றாக யோசியுங்கள். கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர், உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் முதல் ஆர்டரிலேயே நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் 2023 செப்டம்பரில் வந்த சேனலில் எத்தனை பேரும் சேரலாம், நம்பர் வெளியே தெரியாது, ஆனால் அவர்கள் திரும்பப் பேச முடியாது.

நான் 'இன்று ஆட்டிய எண்ணெய்' அறிவிப்புக்கு பிராட்காஸ்டும், சமையல் பேச்சுக்கு 90 பேர் உள்ள ஒரு குழுவும் வைத்திருக்கிறேன். அந்தக் குழுவைப் பெரிதாக்கும் எண்ணம் இல்லை. நூறைத் தாண்டினால் பாதிப் பேர் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

ஒரே செயலியை நம்பி இருக்கலாமா?

2020 ஜூன் 29 இரவைக் கேளுங்கள். டிக்டாக் உள்பட 59 செயலிகளுக்கு அரசு தடை போட்டது. அதில் லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்த சின்ன வியாபாரிகள் ஒரே இரவில் அத்தனை பேரையும் இழந்தார்கள். அதற்கு முன் 2014இல், ஃபேஸ்புக் மாதிரியே இருந்த ஆர்குட் மூடப்பட்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் குடும்பத்தினர் பதிவுகளை முன்னால் காட்டப்போவதாக அறிவித்தது. வியாபாரப் பக்கங்களின் பதிவு அதன்பின் பலர் கண்ணில் படவே இல்லை. அந்த இடமெல்லாம் வாடகை வீடு மாதிரி, எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாது. வாடிக்கையாளர் அனுமதியோடு பெயர், நம்பர், ஊர் இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை யாருக்கும் விற்காதீர்கள்.

வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுப் பொருளையே மாற்றலாமா?

பெரிய நிறுவனங்களே அதை வைத்துத்தான் வளர்ந்திருக்கின்றன. சீனாவின் ஷாவ்மி (Xiaomi) நிறுவனம், போன் தயாரிப்பதற்கு முன் 2010இல் ஒரு மென்பொருளைத்தான் வெளியிட்டது. முதலில் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொன்ன 100 பேரின் பெயரை, போன் திறக்கும் திரையிலேயே போட்டு நன்றி சொன்னது. லெகோ பொம்மை நிறுவனத்தில், ரசிகர் ஒருவர் அனுப்பும் வடிவத்துக்கு 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் அதைத் தயாரிக்கலாமா என்று பரிசீலிக்கிறார்கள். தயாரித்தால் விற்பனையில் 1 சதவீதம் அவருக்குப் போகும்.

எனக்கு அரை லிட்டர் பாட்டில் யோசனை வந்தது தனியாக வாழும் ஒரு பெரியவரிடமிருந்து. ஒரு லிட்டர் தீர்வதற்குள் வாசனை மாறிவிடுகிறது என்றார். இப்போது அரை லிட்டர்தான் அதிகம் போகிறது. கேட்டதை எல்லாம் செய்ய முடியாது, அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். ஏலக்காய் வாசனை சேர்க்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன்.

காசு கட்டி, நம் பதிவை அதிகம் பேருக்குக் காட்டவைக்கும் பூஸ்ட் தேவையே இல்லையா?

புது ஊரில் முதல் பத்துப் பேரைப் பிடிக்க உதவும். சின்னத் தொகையில், ஒரு ஊரை மட்டும் குறிவைத்துப் போடுங்கள். பொருள் சரியில்லாமல் பூஸ்ட் போட்டால், அது சரியில்லை என்ற செய்தி சீக்கிரம் பரவுவதற்கு நீங்களே காசு கட்டிய மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லைக்கை எண்ணாதீர்கள். திரும்ப வாங்கியவர்களை எண்ணுங்கள். என் ஆர்டர் நோட்டில் பெயர், ஊர், அளவு இவற்றுக்குப் பக்கத்தில் 'யார் சொன்னாங்க?' என்று ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு புது ஆர்டருக்கும் கேட்டு எழுதுவேன். மாதக் கடைசியில் அந்தக் கட்டத்தைப் பார்த்தால் எந்த ஊரில், எந்தக் குழுவில் பேச்சு நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் வரை அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

போன தீபாவளிக்கு முந்தைய மாதம், கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பெயர் அந்தக் கட்டத்தில் பதினோரு முறை வந்தது. அவருக்குக் கமிஷனோ தள்ளுபடியோ தரவில்லை. தந்தால் அவர் சொல்லுக்கு விலை போட்ட மாதிரி ஆகிவிடும். போன் செய்து நன்றி மட்டும் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, போன தடவை நல்லெண்ணெய்ல கருப்பட்டி கொஞ்சம் கம்மிங்க" என்றார். நல்லெண்ணெய்க்கு எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். அவருக்குப் போன எண்ணெயை ஆட்டிய அந்த ஈட்டை, அதாவது அந்த ஒரு தடவை செக்கில் ஆட்டியதை, எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி.